வகுப்பறைக்குள் பாட்காஸ்ட்: கேட்கவைப்பது எப்படி, பேசவைப்பது எப்படி

இணையத்தில் கிடைக்கும் ஒலித் தொடரான பாட்காஸ்டை ஓடவிட்டால் மாணவர்கள் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டேனியல், வுடி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரே விஷயத்தை ஒரு பிரிவினருக்குக் கட்டுரையாகவும் இன்னொரு பிரிவினருக்குப் பாட்காஸ்டாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், தேர்வு வைத்தபோது கேட்டவர்கள் படித்தவர்களைவிட நன்றாகவே பின்தங்கியிருந்தார்கள்.

இதற்குக் காரணம் எளிது. படிக்கிறவர் புரியாத இடத்தில் தானாக நிற்கிறார், மேல் வரிக்குத் திரும்புகிறார், மறுபடி படிக்கிறார். ஒலியில் அந்த வசதி இல்லை. ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மாணவர் யோசிக்கும் நேரத்தில் அடுத்த மூன்று வாக்கியங்கள் கடந்துபோய்விடுகின்றன. பிறகு வருவதெல்லாம் அந்த விட்டுப்போன மூன்றின் மேல் கட்டப்பட்டதாக இருந்தால், அவர் அங்கேயே கழன்றுகொள்கிறார். முகத்தைப் பார்த்தால் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும்.

அதனால் வகுப்பில் பாட்காஸ்டைப் பாடமாக மாற்றுவது நிறுத்தும் பொத்தான்தான். எங்கே நிறுத்துவது, நிறுத்தியதும் மாணவர் கை என்ன செய்ய வேண்டும், எந்தப் பகுதியை மறுபடி போடுவது: ஆசிரியரின் தயாரிப்பு முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான்.

எதற்கு ஒலி பொருந்தும் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒருவர் தன் துறையைப் பற்றிப் பேசுவது, ஒரு நிகழ்வை நேரில் கண்டவரின் குரல், இருவர் வாதிடுவது, மொழி வகுப்பில் இயல்பான வேகப் பேச்சு, காரணகாரியத்தை வரிசையாக விளக்குவது ஆகியவற்றில் பாட்காஸ்ட் பாடநூலை மிஞ்சும். வரைபடம், சமன்பாடு, அட்டவணை, பெயர்ப் பட்டியல் ஆகியவற்றுக்கு அது உதவாது. சமன்பாட்டை வாயால் சொல்லிக் கேட்டுப் புரிந்துகொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம்.

துண்டைத் தேர்ந்தெடுப்பது

முழு எபிசோடையும் வகுப்பில் ஓட்டத் தேவையில்லை. 40 நிமிட எபிசோடில் உங்கள் பாடத்துக்கு வேண்டியது 5 நிமிடம் இருக்கும். 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு 3 முதல் 4 நிமிடம், 13 முதல் 15 வயதினருக்கு 5 முதல் 7 நிமிடம், கல்லூரி மாணவர்களுக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொழி மாணவர்களுக்குத் தாய்மொழியாக இல்லாவிட்டால் இதில் பாதி போதும்.

எபிசோடை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம். எந்த இடத்தில் உங்களுக்கே இழை விட்டுப்போகிறதோ, அந்த இடத்தில் பாதி வகுப்பும் விட்டுவிடும் என்று கணக்கு. இரண்டாவது முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, புதிய கருத்து தொடங்கும் ஒவ்வொரு இடத்தின் நேரத்தையும் குறியுங்கள்.

நேரத்தோடு, அந்த இடத்தில் வரும் முதல் நான்கைந்து சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பல பாட்காஸ்ட்களில் விளம்பரங்கள் டவுன்லோட் ஆகும் நேரத்தில்தான் செருகப்படுகின்றன. அதனால் உங்கள் போனில் 12:40இல் வந்த பகுதி, வகுப்பறைக் கணினியில் 13:25இல் வரலாம். நேரக் குறிப்பை மட்டும் நம்பிப் போனால் முப்பது பேர் முன்னால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்க நேரிடும். எந்தக் கருவியில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே முன்கூட்டி டவுன்லோட் செய்து, அதிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. இணையம் வேலை செய்யுமா என்ற கவலையும் அதோடு போய்விடும்.

தேர்வு செய்யும்போது இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருந்தால் முகம் தெரியாத மாணவர்களுக்கு யார் பேசுகிறார் என்பதிலேயே கவனம் போய்விடும். பேச்சுக்குக் கீழே இசை தொடர்ந்து ஓடினால், வீட்டில் ஹெட்போனில் இனிமையாக இருந்தது வகுப்பறை ஸ்பீக்கரில் பேச்சை விழுங்கிவிடும். ஒரு நிமிடத்தில் நான்கைந்து பெயர்களோ எண்களோ வந்தால் அவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். காதால் பிடிக்க வைத்துச் சோதிப்பதில் பயன் இல்லை. எபிசோட் வெளியான தேதியைப் பாருங்கள். மருத்துவம், தொழில்நுட்பம், சட்டம் போன்றவற்றில் ஐந்து வருடத்துக்கு முந்தைய எபிசோட் இன்று தவறான தகவலாக இருக்கலாம். பேசுபவர் சொல்லும் முக்கியமான இரண்டு மூன்று தகவல்களையாவது வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாட்காஸ்ட்டுக்குப் பெரும்பாலும் சரிபார்க்கும் ஆசிரியர் குழு கிடையாது. நன்றாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று தோன்றுவது எல்லோருக்கும் உள்ள பலவீனம்.

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா

இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதித் தோல்விகள் இங்கேதான் நடக்கின்றன. லேப்டாப் ஸ்பீக்கரும் போன் ஸ்பீக்கரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறேழு பேருக்குப் போதும். வகுப்புக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும்.

வெறும் சுவர்களும் கடினமான தரையும் உள்ள அறையில் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள். க, த, ப போன்றவை நொடிப்பொழுதில் முடிந்துவிடுபவை. எதிரொலியில் அவை கரைந்துபோகும். இதற்கு ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். ஸ்பீக்கரை மாணவர்களுக்கு அருகில் கொண்டுபோவதுதான் வழி. கரும்பலகைக்குக் கீழே மேசைமேல் வைப்பதைவிட, உட்கார்ந்திருக்கும் மாணவரின் காது உயரத்தில், வகுப்பின் நடுப்பகுதியை நோக்கி வையுங்கள். ஒரே பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைப் பக்கத்துக்கு ஒன்றாக மிதமாக ஓட்டுவது தெளிவாகக் கேட்கும். ப்ளூடூத்தை மட்டும் நம்பாமல் ஒரு கேபிளும் பையில் இருக்கட்டும். சார்ஜ் தீர்வதும் இணைப்பு அறுவதும் பாடத்தின் நடுவில்தான் நடக்கும்.

மாணவர்கள் வருவதற்கு முன் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் ஜன்னலை மூடுவது, மின்விசிறியைக் குறைப்பது, மாணவர்களை முன்னால் நெருக்கி உட்காரவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

ஹெட்போனில் கேட்கவைப்பதாக இருந்தால் அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். நடைமுறையில், கருவியின் அதிகபட்ச ஒலியில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் வையுங்கள். பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் கேட்டால் அது அதிகம்.

ஒரு பாடவேளை, நிமிடம் நிமிடமாக

தேனீக்களின் ஆட்டம் பற்றிய 5 நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உணவைக் கண்டுபிடித்துக் கூட்டுக்குத் திரும்பும் தேனீ, செங்குத்தாக நிற்கும் தேனடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடுகிறது. பிறகு வலப்பக்கம் வளைந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது, மறுபடி நேராக ஓடுகிறது, இம்முறை இடப்பக்கம் வளைகிறது. பாதை எட்டு போல அமைகிறது. நேர் ஓட்டத்தின் திசை, செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அத்தனை டிகிரி விலகி உணவு இருக்கிறது. ஆட்டம் நீண்டால் தூரம் அதிகம். 1 வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர், தேனீ வகைக்கு வகை இது மாறும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

வேண்டுமென்றேதான் இந்த எடுத்துக்காட்டு. இது முழுக்க முழுக்க வடிவமும் கோணமும் சார்ந்தது, ஒலியிலோ படம் கிடையாது. அதனால் மாணவர் தன் மனத்தில் படத்தைக் கட்டியே ஆக வேண்டும். அந்தப் படத்தைத் தாளில் வரையச் சொன்னால், யாருக்குப் புரிந்தது, யாருக்கு எந்த இடத்தில் தவறியது என்பது வகுப்பை ஒருமுறை சுற்றிவந்தாலே தெரிந்துவிடும்.

45 நிமிடப் பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 6 நிமிடம் ஒலி இல்லை. கரும்பலகையில் மூன்று சொற்களை மட்டும் எழுதுங்கள்: தேனடை, செங்குத்து, கோணம். பொருள் தெரியாதவர்களுக்கு விளக்குங்கள். பிறகு ஒரு கேள்வி: 'பூ இருக்கும் இடத்தை, பேசத் தெரியாத ஒரு பூச்சி, இருட்டான கூட்டுக்குள் இன்னொரு பூச்சிக்கு எப்படித் தெரிவிக்கும்?' ஒவ்வொருவரும் தன் ஊகத்தை ஒரு வரி எழுத வேண்டும். ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகம் எழுதியவர் அது சரியா என்று பார்ப்பதற்காகக் காதைத் தீட்டிக்கொள்கிறார். இந்த ஆறு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நேராக ஒலிக்குப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்த 5 நிமிடம் நிறுத்தாமல் ஒருமுறை. பேனா கீழே இருக்கட்டும். இந்த முறை ஒன்றே ஒன்றுதான் வேலை: என் ஊகம் சரியா, தவறா? முதல் தடவையிலேயே குறிப்பெடுக்கச் சொன்னால் முதல் வாக்கியத்தை எழுதுவதில் மூழ்கி ஐந்தாவது வாக்கியத்தை விட்டுவிடுவார்கள். கேட்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் செய்யப் பயிற்சி வேண்டும். பள்ளி வயதில் பெரும்பாலோருக்கு அது இருக்காது.

பிறகு 4 நிமிடம் இருவர் இருவராகப் பேச்சு. என்ன புரிந்தது, எது புரியவில்லை. நீங்கள் நடந்துகொண்டே காதை மட்டும் கொடுங்கள், திருத்த வேண்டாம். 'சூரியன் எதற்கு வருகிறது?' என்று மூன்று மேசைகளில் கேட்டால், இரண்டாவது தடவை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இப்போது 14 நிமிடம், இரண்டாவது தடவை, நிறுத்தி நிறுத்தி. மூன்று நிறுத்தங்கள் போதும். ஐந்துக்கு மேல் போனால் பேச்சின் ஓட்டம் உடைந்து எரிச்சல் வரும். முதல் நிறுத்தம் ஆட்டத்தின் பாதையை விவரித்து முடித்ததும். வேலை: பாதையை வரை, அம்புக்குறி போடு. இரண்டாவது, கோணத்தைச் சொல்லி முடித்ததும். வேலை: உணவு சூரியனிலிருந்து வலப்பக்கம் 40 டிகிரியில் இருந்தால் நேர் ஓட்டம் எப்படி இருக்கும், வரை. மூன்றாவது, தூரத்தைச் சொன்னதும். வேலை: ஒரு தேனீ அரை வினாடி ஆடுகிறது, இன்னொன்று 2 வினாடி ஆடுகிறது, எது சொல்லும் உணவு தொலைவில் இருக்கிறது? ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை அசைய வேண்டும். 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு வகுப்பு ஒரே குரலில் 'புரிந்தது' என்று சொல்லும். அதனால் எதுவும் தெரியாது.

இரண்டாவது நிறுத்தத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். நேர் ஓட்டத்தைத் தாளின் மேல்விளிம்பை நோக்கி வரைந்தால் 'சூரியனை நோக்கிப் போ' என்று பொருள் என்பதை விட்டுவிட்டு, தாளின் மூலையில் ஒரு சூரியனை வரைந்து அதை நோக்கி அம்பு போடுவார்கள். இது நல்ல தவறு. கேட்டது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் அடையில் 'மேலே' என்பது வெளியில் 'சூரியன் இருக்கும் பக்கம்' என்று மாறுவது பிடிபடவில்லை. கோணத்தை விளக்கும் அந்த 40 வினாடிகளை மட்டும் மூன்றாவது தடவை போட 2 நிமிடம் ஒதுக்குங்கள். இப்போது கேட்கும்போது பல முகங்கள் மாறும்.

அடுத்த 10 நிமிடம் ஒலியும் கிடையாது, குறிப்பும் கிடையாது. தாள்களைக் கவிழ்த்துவிட்டு, நினைவிலிருந்து ஆறு வரி எழுத வேண்டும். இந்த வகுப்புக்கு வராத தோழனுக்கு விளக்குவது போல எழுதச் சொல்லுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஒலியில் கேட்டதற்கு இது இரட்டிப்பாகத் தேவை. புத்தகத்தில் படித்ததைப் போலப் புரட்டிப் பார்க்கக் கையில் எதுவும் இல்லையே. மீதி 4 நிமிடத்தில் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லி, முதலில் எழுதிய ஊகத்தோடு ஒப்பிடலாம்.

நேரம் போதாதபோது எதைக் குறைப்பது? துண்டைக் குறையுங்கள். 5 நிமிடத்தை 3 நிமிடமாக்குங்கள். ஊகத்தையும் நினைவிலிருந்து எழுதுவதையும் மட்டும் வெட்டாதீர்கள்.

கேட்கும் தாள்

ஒரு பக்கம் போதும். மேலே ஊகத்துக்கு ஒரு வரி. நடுவில் மூன்று பெட்டிகள், நிறுத்தத்துக்கு ஒன்று. கீழே 'பேசியவரிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி' என்று ஒரு வரி. கோடிட்ட இடம் நிரப்பும் தாள் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு சொல் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள், வந்ததும் எழுதிவிட்டுக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். வரலாறு, சமூகவியல் பாடங்களில் பெட்டிகளை மாற்றிக்கொள்ளலாம்: பேசுபவர் சொல்லும் தகவல் என்ன, அவருடைய கருத்து என்ன, அதற்கு அவர் தரும் ஆதாரம் என்ன. மூன்றாவது பெட்டி காலியாகவே இருந்தால், மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதும் அதுதான்.

பேச்சு வேகம் அதிகம் என்று தோன்றினால் பெரும்பாலான ஆப்களில் 0.8 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டுச் செயற்கையாகிவிடும். அதைவிட நிறுத்தங்களைக் கூட்டுவது மேல்.

எழுத்து வடிவம் இல்லாமல் தொடங்காதீர்கள்

வகுப்பில் காது சரியாகக் கேட்காத மாணவர் ஒருவர் இருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். பேச்சின் எழுத்து வடிவம் அவருக்கான சலுகை அல்ல. ஒலி மட்டும் உள்ள பதிவுக்கு இணையான எழுத்து வடிவம் வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தர விதிகளில் அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. பல பாட்காஸ்ட் ஆப்களும் இப்போது தானியங்கி எழுத்து வடிவத்தைத் தருகின்றன. தமிழில் அது இன்னும் அடிக்கடி தவறுகிறது, குறிப்பாகப் பெயர்களிலும் பேச்சுவழக்கிலும். 5 நிமிடத் துண்டு என்றால் நீங்களே கேட்டுத் திருத்திவிடலாம். துண்டு சிறியதாக இருப்பதில் இது இன்னொரு நன்மை.

எழுத்து வடிவத்தை மற்றவர்களுக்கு இரண்டாவது தடவை முடிந்தபிறகு கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் எல்லோரும் படிக்கத் தொடங்கிவிடுவார்கள், கேட்பது பின்னணிச் சத்தமாகிவிடும். தேவைப்படும் மாணவருக்கு மட்டும் முதல் நாளே கொடுத்துவிடலாம்.

வீட்டுப்பாடமாக எபிசோட் கொடுப்பதில் சிக்கல் ஒன்றுதான்: நிறுத்தும் ஆள் இல்லை. 10 நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். எந்த நேரத்தில் நிறுத்தி என்ன எழுத வேண்டும் என்பதைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கருவியோ இணையமோ இல்லாத வீடுகள் இருந்தால் அதை வீட்டுப்பாடமாக்காமல் பள்ளியிலேயே நேரம் ஒதுக்குங்கள்.

மாணவர்களே தயாரிக்கும்போது

கேட்பதைவிடத் தயாரிப்பதில்தான் அதிகம் கற்கிறார்கள். ஒரு விஷயத்தை மூன்று நிமிடத்தில், படம் இல்லாமல், மறுபடி கேட்க வாய்ப்பில்லாதவருக்கு விளக்க வேண்டும் என்றால் அது முழுக்கப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் திட்டமில்லாமல் இறங்கினால் நேரம் முழுவதும் இசை தேடுவதிலும் பெயர் வைப்பதிலும் போய்விடும்.

குழுவுக்கு நான்கு பேர். ஒருவர் தகவல் திரட்டிச் சரிபார்ப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் பேசுபவர், ஒருவர் பதிவையும் எடிட்டையும் கவனிப்பவர். அடுத்த முறை வேலைகள் சுழல வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் பேசும். ஐந்து பாடவேளைகள் ஒதுக்குங்கள்: தகவலுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, ஒத்திகைக்கும் பதிவுக்கும் ஒன்று, எடிட்டுக்கு ஒன்று, எல்லோரும் சேர்ந்து கேட்க ஒன்று. நீளம் 3 நிமிடம், அதற்கு மேல் அனுமதிக்காதீர்கள். பத்து நிமிடம் பேசுவது எளிது, மூன்று நிமிடத்தில் முடிப்பதற்குத்தான் எதை விடுவது என்று யோசிக்க வேண்டும்.

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் வரும். அப்படியானால் 3 நிமிடத்துக்கு 300 சொற்கள். மாணவர்கள் முதலில் 600 சொல் எழுதிக்கொண்டு வருவார்கள், அதை வேகமாகப் படித்து நேரத்துக்குள் அடக்கப் பார்ப்பார்கள். சொற்களைக் குறைக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்ட விடாதீர்கள்.

காதுக்கு எழுதுவது கட்டுரை எழுதுவதல்ல. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. இருபது சொல் வாக்கியம் என்றால் யார் என்ன செய்தார் என்பதற்குக் கேட்பவர் இருபது சொல்லையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு சொல்லுக்குள் வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். 'இது', 'அது', 'மேற்கூறிய' என்று வரும் இடங்களில் பெயரையே திரும்பச் சொல்வது மேல். '1,48,730' என்பதை 'ஏறக்குறைய ஒன்றரை லட்சம்' என்று சொல்லலாம். அடைப்புக்குறிக்குள் எழுதியதை வாயால் சொல்ல முடியாது, எனவே அடைப்புக்குறியே வேண்டாம். எழுதியதைச் சத்தமாகப் படிக்கும்போது நாக்கு தடுமாறும் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். 'நிகழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகின்றது' என்று எழுதிய பிள்ளையிடம், 'தோழியிடம் இதை எப்படிச் சொல்வாய்?' என்று கேட்டால் 'நடந்திருக்கும்னு நினைக்கிறாங்க' என்று பதில் வரும். அந்த நடைதான் பதிவுக்கு வேண்டியது.

பதிவு செய்ய ஒரு ஸ்மார்ட்போன் போதும். மைக் பெரும்பாலும் சார்ஜ் போடும் துளைக்கு அருகில் கீழ்விளிம்பில் இருக்கும். அதைக் கையால் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' சொல்லும்போது வெளிவரும் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். போனைக் கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தமும் பதிவாகும், மேசையில் மடித்த துணி போட்டு அதன்மேல் வையுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

இடம் கருவியைவிட முக்கியம். காலியான பெரிய அறை மோசமான தேர்வு. புத்தக அலமாரிகள், திரைச்சீலைகள், துணிகள் உள்ள சிறிய அறையில் எதிரொலி குறையும். மின்விசிறி நிற்க வேண்டும். பேசத் தொடங்கும் முன் 5 வினாடி அமைதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், எடிட் செய்யும்போது பயன்படும். முதலில் 15 வினாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் முழுதும் பதிய வேண்டும். மூன்று நிமிடம் பேசி முடித்தபிறகு மைக் மூடியிருந்தது தெரிந்தால் இரண்டாவது முறை பேச அந்தப் பிள்ளைக்கு உற்சாகம் இருக்காது.

ஒலி மட்டம் காட்டும் ஆப் என்றால் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். இந்த அளவுகோலின் அதிகபட்சமான சுழியத்தைத் தொட்டால் ஒலி கிழியும், கிழிந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது. மெதுவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம். தவறு வந்தால் பதிவை நிறுத்த வேண்டாம். ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னால் போதும். ஒலி அலையில் கைதட்டல் கூர்முனையாக எழுந்து நிற்கும், வெட்ட வேண்டிய இடம் கண்ணாலேயே தெரியும். திக்கிப் பேசும் பிள்ளைகளும் கூச்சப்படும் பிள்ளைகளும் இந்த முறையில் தைரியமாகப் பேசுவார்கள், ஏனென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பதிவைக் கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். அது ஒலியை மிகவும் சுருக்கிவிடும். கோப்பாக, டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும், அல்லது கேபிளில் மாற்ற வேண்டும்.

எடிட் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமானது. பல போன்கள் எம்4ஏ வடிவில் பதிகின்றன. அதை விண்டோஸில் ஆடாசிட்டி திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் வேண்டும். இதை முந்தைய நாளே நிறுவிவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட் வகுப்பு முழுவதும் 'ஃபைல் திறக்கவில்லை' என்ற புகாரில் போய்விடும். திறந்ததும் முதல் வேலை தவறுகளை வெட்டுவது. வெட்டும்போது மூச்சையும் இடைவெளியையும் முழுக்க எடுத்துவிடாமல் வாக்கியங்களுக்கு நடுவே அரை வினாடி விடுங்கள், கருத்து மாறும் இடத்தில் 1 வினாடி. பிறகு அந்த 5 வினாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் குறைப்பு வசதிக்கு மாதிரியாகக் காட்டி, முழுப் பதிவுக்கும் 6 முதல் 12 டெசிபல் அளவில் செலுத்துங்கள். அதிகம் கொடுத்தால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருப்பது மேல். கடைசியாக உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்கு உயர்த்தி, மோனோவாக, அதாவது ஒரே ஒலித் தடமாக, 64 கிலோபிட் எம்பி3 ஆக வெளியேற்றுங்கள். பேச்சுக்கு இந்தத் தரம் தாராளம். நிமிடத்துக்கு அரை மெகாபைட் வரும், 3 நிமிடம் ஒன்றரை மெகாபைட். சேமித்த ப்ராஜெக்ட் கோப்பையும் வைத்திருங்கள், திருத்தம் வந்தால் எம்பி3யிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.

இசை வேண்டும் என்று கேட்பார்கள். தொடக்கத்தில் 5 வினாடி, முடிவில் 5 வினாடி, பேச்சுக்கு அடியில் இல்லை. பிரபலமான பாட்டை எடுத்துப் போடக்கூடாது. மற்றவர்கள் பயன்படுத்த உருவாக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான இசையை, உருவாக்கியவர் பெயரைப் பதிவிலேயே சொல்லிப் பயன்படுத்தலாம். அந்த உரிமத்தில் 'மாற்றம் கூடாது' என்ற வகையும் உண்டு. அதில் வந்த இசையை வேறொன்றோடு சேர்த்து வெளியிட முடியாது, எனவே உரிமத்தைப் படித்த பிறகே எடுங்கள். அதைவிட எளிய வழி, மேளம் தட்டும் மாணவர் ஒருவரைக் கொண்டு பதிந்துகொள்வது.

மதிப்பெண் 20 என்றால் தகவல் சரியாக இருப்பதற்கு 8, கேட்பவருக்குப் புரியும்படி வரிசைப்படுத்தியதற்கு 6, பேச்சின் தெளிவுக்கு 4, ஒலித் தரத்துக்கு 2. ஒலிக்கு அதிகம் கொடுத்தால் நல்ல போன் வைத்திருக்கும் குழு ஜெயிக்கும். மற்ற குழுக்கள் கேட்டுவிட்டு நினைவிலிருந்து மூன்று வரி எழுதட்டும். அந்த மூன்று வரியில் முக்கியக் கருத்து வந்திருக்கிறதா என்பதை வைத்தே, வரிசைக்கான 6 மதிப்பெண்ணை நியாயமாகப் போடலாம்.

அனுமதியும் பாதுகாப்பும்

அடுத்தவர் பாட்காஸ்டை வகுப்பில் ஓட்டுவது வேறு, அதை வெட்டி நீங்கள் இணையத்தில் போடுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளர் அனுமதி தேவைப்படும். மாணவர்களுக்கு வெட்டிய கோப்பைப் பரப்புவதைவிட, மூல எபிசோடின் இணைப்பையும் நேரக் குறிப்பையும் கொடுப்பது சிக்கலற்றது.

மாணவர் குரல் அவருடைய அடையாளம். பள்ளிக்கு வெளியே வெளியிடுவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். எங்கே வெளியாகும், எத்தனை நாள் இருக்கும், யார் கேட்க முடியும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பதிவில் முழுப் பெயர், வீட்டு முகவரி, பள்ளி வகுப்புப் பிரிவு எதுவும் வரக்கூடாது. யாரையாவது பேட்டி எடுத்தால் பதிவு தொடங்கியதும் அவர் சம்மதத்தைக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வகுப்புகளுக்கு வெளியிடவே தேவையில்லை. ஆசிரியரும் அந்த வகுப்பு மாணவர்களும் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறை போதும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: குழு எண், தலைப்பு, பதிப்பு எண். 'புதிய பதிவு 14' என்று வரும் எட்டு கோப்புகளில் எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போய்விடும். முடிவான எம்பி3யை வைத்துக்கொண்டு, தவறுகளும் சிரிப்பும் சேர்ந்திருக்கும் முதல்நிலைப் பதிவுகளை மதிப்பெண் போட்டு முடித்ததும் மாணவர் போன்களிலிருந்தும் வகுப்புக் கணினியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.